கோடையில் வராத அப்பா: காசிமேட்டுப் பயணக் குறிப்புகள்

2025 மே 10, சனிக்கிழமை – ராயபுரம்

மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் அப்பாவை எல்லோரும் ‘மெட்ராஸ்காரர்’ என்றே சொல்வார்கள். வயல்களில் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், உறவினர் ஒருவர் அழைத்ததன் பேரில் 1990இல் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், 2019 வரை அங்கே விசைப்படகு என்ஜின் மெக்கானிக்காக வேலை பார்த்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். ஜூன் மாதக் கடைசியில் ஒரு வாரம் வந்து தங்குவார். முழங்கால் தேய்ந்து இனி படகில் ஏறி இறங்க முடியாது என்றான பிறகு ஊரோடு வந்து சேர்ந்தவர், போன கார்த்திகையில் காலமானார்.

அத்தனை ஆண்டுகள் அவர் இருந்த இடத்தை அம்மாவோ நானோ தம்பியோ ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான்கு ஆண்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்ட ஒற்றை அறையில் உங்களை எங்கே தங்கவைப்பேன் என்று அப்பா கேட்பார், நாங்களும் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டோம். நான் பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் மே மாதத்தில்தான் எனக்கு நாட்கள் கிடைக்கும். விடுமுறை தொடங்கியதும் அம்மாவே, “அவரு இருந்த இடத்தை ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?” என்று கேட்டார். தம்பிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் விடுப்பு கிடைக்கவில்லை என்பதால் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

கல்மண்டபத்துக்கு அருகில் ஒரு லாட்ஜில் இறங்கினோம். கத்திரி வெயில் காலை எட்டு மணிக்கே சுள்ளென்று அடித்தது. குழாயில் வந்த தண்ணீர் உப்பாக இருந்தது. பாட்டில் தண்ணீர் வேண்டாம், பானைத் தண்ணீர் கிடைக்குமா என்று அம்மா கேட்டதற்கு, லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தமக்கென்று வைத்திருந்த மண்பானையையே எங்கள் அறை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பக்கத்து நாஸ்தா கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். இருவருக்கும் சேர்த்து 90 ரூபாய் ஆனது. வடகறியில் சோம்பும் பட்டையும் தூக்கலாக இருந்தன. மழை நாட்களில் “ராயபுரத்து வடகறி” என்று சொல்லி அம்மாவை அப்பா செய்யச் சொல்வாரே, அந்தப் பண்டத்தை இப்போதுதான் அம்மா முதல்முறையாகப் பிறர் கையால் சாப்பிட்டார். “நான் செஞ்சது இப்படி இல்லையே, அவரு ஒண்ணும் சொல்லாமத் தின்னுட்டாரே” என்று கடைக்காரப் பெண்ணிடம் செய்முறையைக் கேட்டுக்கொண்டார். பருப்பை ஆவியில் வேகவைக்காமல் எண்ணெயில் பொரித்து, பிறகு குழம்பில் உதிர்த்துப் போட வேண்டுமாம்.

பகல் முழுவதும் வெளியே போக முடியாத வெயில். சாயங்காலம் கடல் காற்று இறங்கிய பிறகு ராயபுரம் ரயில் நிலையத்துக்கு நடந்து போனோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. உயர்ந்த தூண்களோடு கூடிய அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. எங்களுக்கு அந்த நிலையத்தைப் பார்க்க வேண்டியிருந்ததற்குக் காரணம் வேறு. தொலைபேசி வீட்டுக்கு வருவதற்கு முன் அப்பா எழுதிய இன்லண்டு கடிதங்களில் பெரும்பாலானவை, “ராயபுரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன், இங்கே காற்று நன்றாக வருகிறது” என்றுதான் தொடங்கும். அறையில் புழுக்கம் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். நடைமேடையில் எந்த இருக்கை என்று நமக்கு எப்படித் தெரியும்? அம்மா ஒவ்வோர் இருக்கையிலும் சிறிது நேரம் உட்கார்ந்து, எதில் காற்று வருகிறது என்று பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

திரும்பி வரும் வழியில் ஒரு சந்தில் மின்விளக்கைத் தாழத் தொங்கவிட்டு இளைஞர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வடசென்னைக்கும் கேரம் பலகைக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகளாக இங்கே புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் வளர்ந்தவர்தான். அப்பா ஊருக்கு வந்த முதல் நாளே போரிக் பவுடரைத் தூவிப் பலகையைத் துடைத்து, ஸ்ட்ரைக்கரை எந்த விரலால் தள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பார். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் கேரம் ஆடுவதை அப்போது யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. இங்கே சந்துக்குச் சந்து ஆடுவதைப் பார்த்தே வாழ்ந்தவருக்கு அது இயல்பாகவே இருந்திருக்கும்.

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை – காசிமேடு

விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போனோம். இந்தத் துறைமுகம் 1984இல் திறக்கப்பட்டது. இது மீன்பிடித் தடைக்காலம் என்பது செய்தித்தாளில் படித்து எனக்குத் தெரியும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கட்டுமரங்களும் சிறிய ஃபைபர் படகுகளும் போகலாம். ஆகையால் துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மீன் வாங்க வந்தவர்களின் கூட்டம் நடக்க இடமில்லாமல் நெரித்தது. வரத்து குறைவு என்பதால் விலைதான் ஏறியிருந்தது. வஞ்சிரம் கிலோ 1,300 ரூபாய், சங்கரா 500, நெத்திலி 300 என்றார்கள். ஒருவர் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் பேசாமல் நெத்திலிப் பக்கம் நகர்ந்தார்.

அந்த நெரிசலில் யாரோ ஐஸ் பெட்டியைச் சாய்க்க, மீன் கழுவிய நீர் முழுவதும் அம்மாவின் புடவையில் கொட்டிவிட்டது. அம்மா திகைத்து நின்றபோது, தரையில் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், “அய்யய்ய, பொடவ பூரா நாஸ்தியாயிடுச்சே! இன்னாத்துக்கு நின்னுக்கினுகீற, இப்டி குந்தும்மா” என்று தாம் உட்கார்ந்திருந்த மணையைத் தள்ளிக் கொடுத்து, ஒரு குடம் நல்ல தண்ணீரைப் பையனை விட்டு எடுத்துவரச் சொல்லி, கொசுவத்தைத் தாமே பிடித்து அலசிவிட்டார். அவருடைய வியாபாரம் அதுவரை நின்றுதான் இருந்தது. முடித்த பிறகே யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டார்.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டார். நான் சொன்னேன். அப்படி ஒருவரைத் தெரியாது என்றார் அந்த அம்மாள். போட் மெக்கானிக், மன்னார்குடிக்காரர் என்று நான் சொன்னதும் அவருடைய கை நின்றுவிட்டது. “மன்னார்குடியாரா? நீ அவரு சம்சாரமாம்மா?” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “டீச்சரு வேலைக்குப் போயிடுச்சுன்னு லட்டு வாங்கிக் குட்த்தாரே, அந்தப் பொண்ணு நீதானா?” என்று கேட்டார். எனக்கு வேலை கிடைத்தது 2013இல். காசிமேட்டில் லட்டு கொடுத்ததை அப்பா எங்களிடம் சொன்னதேயில்லை.

அந்தப் பையன் எங்களைப் படகுகள் தரையேற்றப்பட்டிருக்கும் பக்கத்துக்கு அழைத்துப் போனான். அங்கேதான் நான் எதிர்பாராத காட்சி காத்திருந்தது. கடலுக்குப் போகாத படகுகள் ஓய்ந்து கிடக்கவில்லை. வரிசை வரிசையாகக் கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த படகுகளின் மேலும் கீழும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டுகிறார், ஒருவர் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அடைக்கிறார், வெல்டிங் பொறி பறக்கிறது, பெயின்ட் வாடை மூக்கை அடைக்கிறது. மீன் பிடிக்கிறவர்களுக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தைக் கொண்டு இரண்டு மாதம் ஓட்ட வேண்டிய காலம் இது. மெக்கானிக்குகளுக்கோ ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வேலை வந்து குவியும் காலம்.

அப்பாவிடம் வேலை கற்றவர் இப்போது தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார். 2001இல் பதினேழு வயதில் வந்து சேர்ந்தாராம். நாங்கள் யார் என்று தெரிந்ததும் கையில் கிரீஸ் இருக்கிறதே என்று தயங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு, துண்டில் துடைத்த பிறகே, “வாங்கண்ணி” என்று கைகூப்பினார். அப்பா இறந்த செய்தி இவருக்குத் தெரியும். கார்த்திகை மழையில் மன்னார்குடி வரை வந்து, காரியம் முடிந்த அன்றிரவே திரும்பியவர்களில் இவரும் ஒருவர் என்பது பேசும்போதுதான் தெரியவந்தது. அன்றைய நெரிசலில் யார் யார் வந்தார்கள் என்று எங்களுக்கு நினைவில்லை.

“அவரு பாத்த போட்டு ஏதாவது இப்ப இங்க இருக்குதா தம்பி?” என்று அம்மா கேட்டார். அவர் ஒரு மரப்படகைக் காட்டினார். 2011இல் அப்பா என்ஜின் ஏற்றிய படகு. இடையில் இரண்டுமுறை பிரித்து மாட்டப்பட்டாலும் அதே என்ஜின்தான் ஓடுகிறதாம். மூங்கில் ஏணியில் அம்மா ஏற முடியுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் புடவையைச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். என்ஜின் அறை ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவே இருந்தது. காலை ஏழு மணிக்கே உள்ளே அனல் அடித்தது. இந்தக் குழிக்குள் குந்தியபடியே நாள் முழுவதும் வேலை பார்த்த முழங்கால்களைத்தான் கடைசி ஐந்து ஆண்டுகளாக நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வேலை எத்தகையது என்பதைப் பட்டறைக்காரர் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். லாரிக்காகச் செய்யப்பட்ட என்ஜினைப் பழைய உதிரிப் பொருட்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடி வாங்கிப் படகுக்கு ஏற்றபடி மாற்றுவது அப்பா நாளில் சாதாரணம். லாரியில் ரேடியேட்டரைக் காற்று குளிர்விக்கும். படகில் அடிப்பலகைக்குக் கீழே இருக்கும் என்ஜினுக்குக் காற்று ஏது? அதனால் ஒரு பம்ப் கடல்நீரை இழுத்து வந்து, என்ஜினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீரின் சூட்டைக் குழாய்ச் சுவரின் வழியாக வாங்கிக்கொண்டு மீண்டும் கடலில் விட்டுவிடும். இரண்டு தண்ணீரும் கலந்துவிட்டால் உப்பு உள்ளே புகுந்து இரும்பை அரித்துவிடும். அந்தக் குழாய்களில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அப்பா தொட்டுப் பார்த்தே கண்டுபிடிப்பாராம். இதைவிட நுட்பமான வேலை, என்ஜினையும் படகை உந்தும் விசிறியையும் இணைக்கும் ஷாஃப்ட்டை நேர்க்கோட்டில் நிறுத்துவது. கரையில் அது எவ்வளவு சரியாக இருந்தாலும், படகு தண்ணீரில் இறங்கியதும் உடல் சற்றே வளைந்துகொடுத்து அந்த நேர் தப்பிவிடும். ஆகவே படகை இறக்கிய பிறகு, மிதக்கும் நிலையில் மறுபடியும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஜூன் மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் தண்ணீரில் இறங்கும்போது மெக்கானிக்குக்குத் தூக்கம் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு நீண்ட நாள் குறை உண்டு. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்வரை அப்பா ஒவ்வொரு மே மாதமும் வந்து பத்து நாள் இருப்பார். ஆற்றுக்கு அழைத்துப் போவார், மாங்காய் அடித்துத் தருவார். ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்து, பாடம் தொடங்கி, நாங்கள் காலையில் போய் மாலையில் திரும்பும் ஜூன் கடைசியில்தான் அவருடைய பை திண்ணையில் இருக்கும். ஊர்த் திருவிழாவுக்கும் இல்லை, தம்பி கையை முறித்துக்கொண்ட மே மாதத்திலும் இல்லை. என் கல்யாணத்தை வைகாசியில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்கு, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பிடிவாதமாக நின்றார். அவர்கள் முகம் சுளித்ததை அம்மா இன்னும் மறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் “சீசன் வேலை” என்பதோடு முடித்துக்கொள்வார்.

நான் ஏழாம் வகுப்பு முடித்தது 2001இல். தமிழகத்தில் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டில்தான். முதலில் 45 நாட்களாக இருந்து, 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. அதுவரை ஆண்டு முழுவதும் பரவிக் கிடந்த பழுதுபார்க்கும் வேலை அன்று முதல் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை ஒரே மூச்சாக நெருக்கிக்கொண்டுவிட்டது. சரி, 45 நாள் தடை மே 29 அன்றே முடிந்துவிடுமே, பிறகும் ஏன் ஜூன் கடைசி வரை தங்கினார் என்று நான் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

“அண்ணன் கூலிய ரெண்டா பிரிப்பாரும்மா. என்ஜின் மாட்டி முட்ச்சதும் பாதி. போட்டு கடலுக்குப் போய் மொத தொழில முட்ச்சிட்டுத் திரும்பி வந்தப்புறம் மீதி. நடுக்கடல்ல நின்னுட்டா மீதி வாங்க மாட்டாரு. எட்டுப் பேரு உள்ள போறான், அவன் திரும்பி வர்ற வரிக்கும் நான் ஊருக்குப் போனா எனக்குச் சோறு எறங்காதுன்னுவாரு. தான் கைவச்ச அத்தினி போட்டும் கரைக்கு வந்துச்சா, அப்பதான் பையத் தூக்குவாரு.”

அம்மா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஏதாவது ஒரு படகு வராமல் போனதுண்டா என்று மட்டும் கேட்டார். ஒருமுறை ஒரு படகு என்ஜின் நின்று இன்னொரு படகால் இழுத்துவரப்பட்டதாகவும், அப்போது அப்பா மூன்று நாள் வார்ஃபிலேயே படுத்துக்கிடந்ததாகவும் சொன்னார். அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கு ஜூலையில்தான் வந்தார். எனக்கு நினைவிருக்கிறது. வந்ததும் குளித்துவிட்டு மாலை வரை தூங்கினார்.

மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. ஃபைபர் படகில் வந்த கிழங்கான் மீனில் மாங்காய் போட்டு அவருடைய மனைவி குழம்பு வைத்திருந்தார். அப்பா ஊரில் கடல்மீனைத் தொட மாட்டார்; விரால் கிடைத்தால் மட்டும் சாப்பிடுவார். ஐஸில் வைத்து மன்னார்குடி வந்து சேரும் மீனை அவர் ஏன் ஒதுக்கினார் என்பது அந்தக் குழம்பை ஒரு வாய் வைத்ததும் விளங்கியது.

2025 மே 12, திங்கட்கிழமை – திருவொற்றியூர்

இன்று சித்ரா பௌர்ணமி. பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மனையும், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பவர்கள் உண்டு. இந்த வெயிலில் அம்மாவால் அவ்வளவு முடியாது என்று வடிவுடையம்மனோடு நிறுத்திக்கொண்டோம்.

தியாகராயா கல்லூரியிலிருந்து திருவொற்றியூர் தேரடிக்கு மெட்ரோவில் போனோம். விம்கோ நகர் வரையிலான இந்தப் பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அப்பா பார்த்ததெல்லாம் நெடுஞ்சாலையின் நடுவே தோண்டப்பட்ட பள்ளங்களையும் தடுப்புத் தகரங்களையும்தான். தூசியில் சட்டை நிறம் மாறிவிடுகிறது என்று தொலைபேசியில் சொல்வார். குளிர்ந்த பெட்டியில் உட்கார்ந்திருந்த அம்மா, ஒரு வருடமாவது அவர் இதில் போயிருக்கலாமே என்று வருந்தினார்.

கோயிலில் வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. பந்தலில் நீர்மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற கல்லூரி மாணவி, அம்மா தள்ளாடுவதைப் பார்த்து, தன் இடத்தைத் தோழியிடம் சொல்லிவிட்டுப் போய் இரண்டு குவளை மோர் வாங்கி வந்தாள். தரிசனம் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பிராகாரத்தில் மகிழ மரத்தடியில் உட்கார்ந்தோம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த தலம் இது. ஊரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டிவந்தபோது, சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரம் சிவபெருமான் மகிழ மரத்துக்குப் போய்விட வேண்டும் என்று சுந்தரர் கேட்டுக்கொண்டார். பெருமானோ அதைச் சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்திவிட்டார். சங்கிலியார் மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார். பிறகு அதை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் சுந்தரருக்குக் கண்பார்வை போயிற்று. அம்மாவுக்குப் பெரியபுராணக் கதைகள் அத்தனையும் தெரியும். கதையைச் சொல்லி முடித்துவிட்டு, “உங்க அப்பா எனக்குச் சத்தியம் எதுவும் பண்ணிக் குடுத்ததில்ல. ஆனா இந்தத் தேதிக்கு வரேன்னு எழுதினாருன்னா அந்தத் தேதிக்கு வாசல்ல நிப்பாரு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் அம்மாவின் செருப்பைக் காணவில்லை. தார்ச்சாலை கொதித்தது. பூக்கடைக்காரப் பெண், “புது செருப்பு வாங்கினு வர்ற வரிக்கும் இதப் போட்டுக்க” என்று தம்முடைய செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஈரச் சாக்கின் மேல் நின்றுகொண்டார். புதுச் செருப்பு 180 ரூபாய். திரும்பிப் போய் அவருடைய செருப்பைக் கொடுத்தபோது அம்மா இரண்டு முழம் பூ வாங்கினார். அம்மா தலையில் வைத்துக்கொள்ள மாட்டார் என்பதைக் குறிப்பறிந்துகொண்ட அந்தப் பெண், கேட்காமலே சாமி படத்துக்கு வைப்பதற்கு ஏற்ற மாதிரி சரமாகக் கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் அத்தோ சாப்பிடப் போனோம். பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு. ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸில் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் நொறுக்கிய தட்டையும் போட்டு, பூண்டெண்ணெயும் புளித்தண்ணீரும் ஊற்றிக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். தட்டு 80 ரூபாய். அப்பா இதைப் பற்றி எழுதியபோது, “கையால் பிசைவதால் நீ சாப்பிட மாட்டாய்” என்று அம்மாவுக்கு எழுதியிருந்தார். அம்மா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

2025 மே 13, செவ்வாய்க்கிழமை – பனைமரத்தொட்டி

அப்பா தங்கியிருந்த அறையைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தோம். அந்த வீடு இடிக்கப்பட்டு மூன்று மாடிக் கட்டடமாகியிருக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதே தெருவில் அப்பா சாப்பிட்ட மெஸ் இன்னும் நடக்கிறது. நடத்தும் அக்கா இப்போது அடுப்படிக்குப் போவதில்லை, மருமகள் சமைக்கிறார். சாப்பாடு 100 ரூபாய், மீன் வறுவலோடு 150.

எங்களுக்குப் பரிமாறச் சொல்லிவிட்டு அந்த அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். அப்பா மாதம் ஐந்தாம் தேதி கணக்கு முடித்துவிடுவாராம், ஒருமுறைகூடத் தள்ளியதில்லையாம். அமாவாசையன்று அவருக்கு மட்டும் தனியாக வாழைக்காயும் பயத்தம்பருப்பும் வைக்க வேண்டும். ஜூன் முதல் இரண்டு வாரம் அவர் மெஸ்ஸுக்கு வர மாட்டார். பையனிடம் பொட்டலம் கொடுத்தனுப்புவார்கள், பாதி நாள் அது பிரிக்கப்படாமலே திரும்பி வரும். “நான் திட்டுவேன். உங்க வூட்டம்மாவுக்கு லெட்டர் போட்டுடுவேன்னு மெரட்டுவேன். அட்ரஸ் தெர்யாதே எனக்கு” என்று சொன்னவர், சற்றுப் பொறுத்து, “அவுரு உன்னப் பத்திப் பேசாத நாளு கிடையாது தாயி. கொழம்புல காரம் கம்மின்னு சொல்றதுக்குக்கூட நீ எப்டி வெப்பன்னுதான் ஆரம்பிப்பாரு” என்றார். அம்மா அதுவரை அழவில்லை. அங்கே அழுதார். மருமகள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுமை தூக்கும் தொழிலாளர் இருவர் தலையைக் குனிந்தபடி சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்து எழுந்து போனார்கள்.

சாப்பாட்டுக்குப் பணம் வாங்க மறுத்தார்கள். அப்பா இருந்திருந்தால் கொடுக்காமல் போக விட மாட்டார் என்று அம்மா சொன்னதும் வாங்கிக்கொண்டார்கள்.

பட்டறைக்காரத் தம்பி ரயில் ஏற்றிவிட வருகிறேன் என்றார். படகு ஒன்றில் அன்று என்ஜினை இறக்கிவைக்கும் வேலை இருந்தது. “வேலைய விட்டுட்டு வராதீங்க தம்பி” என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோவுக்கு 250 ரூபாய் பேசி நாங்களே வந்து சேர்ந்தோம்.

ரயில் கிளம்புவதற்கு முன் அம்மா திருப்பூரிலுள்ள என் தம்பியைப் போனில் அழைத்தார். கோடையில் வராத அப்பாவின் மேல் எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத்தான் வருத்தம் அதிகம். கடல்நீர் என்ஜினை எப்படிக் குளிர்விக்கிறது, ஷாஃப்ட் ஏன் தண்ணீரில் இறங்கியதும் நேர் தப்புகிறது, கூலியில் மறுபாதி எப்போது வரும் என்பதையெல்லாம் ஒரு தவறில்லாமல் வரிசையாகச் சொன்னார். அந்தப் பக்கம் தம்பி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஜூன் 14 சனிக்கிழமைதான், பிள்ளைங்களுக்கு லீவுதான். அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தடை முடியுது, போட்டெல்லாம் கெளம்பும். அந்த மரப்போட்டும் போகுது. வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிடு” என்றார். சின்னவன் அந்த நேரத்துக்குத் தூங்கிவிடுவானே என்று அவன் கேட்டிருக்க வேண்டும். “தூங்கினா தோள்ல போட்டுக்க. என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது எழுப்பிக் காட்டு” என்று சொல்லிவிட்டு, லாட்ஜ்காரருக்குப் போன் செய்து அந்தத் தேதிக்கு இரண்டு அறை சொல்லிவைக்கும்படியும், சீசன் தொடங்கும் நாளில் வாடகையைக் கூட்டுவார்களா என்று கேட்டுக்கொள்ளும்படியும் என்னிடம் சொன்னார்.